சூரியன் போட்ட கவர்

திருத்தணி
12 ஜூன் 2024

அம்சாவுக்கு,

முடிச்சைத்தான் முதலில் பார்த்தேன்.

காலி மாத்திரை அட்டைகளை அடுக்கி, சிவப்பு நூலால் கட்டி, யாரோ கவுண்டரில் வைத்தார்கள். நூல் முனையே வெளியே தெரியாத சின்ன முடிச்சு. தறியில் இழை அறுந்தால் போடுவார்களே, அது. நம் நோட்டுகளை நீ அப்படித்தான் கட்டுவாய். அவிழ்க்கப் போய் கணக்கு டீச்சரின் நகம் உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மா.

அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. நான் உள்ளே அலமாரி ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஆஸ்பத்திரி இது. மருந்துக் கவுண்டரில் சுசித்ரா அக்கா இருக்கிறார். மருந்துப் படிப்பு படித்தவர். அவர் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். நான் கவரில் போட்டு, பெயர் எழுதி, மேலே படம் வரைவேன். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. படிக்கத் தெரியாதவர்களுக்கும், தெலுங்கு மட்டும் படிக்கிறவர்களுக்கும் அது சுலபம். வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி வரும்போது பழைய அட்டைகளைக் கொண்டுவர வேண்டும். ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்களா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம்.

உன் அப்பா, நம் நைனா, நெஞ்சுவலி வந்து இங்கே ஆறு நாள் படுத்திருந்தார் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எழுதுவதற்குக் காரணம் இதுதான். சூரியன் கவரில் இருந்த அட்டைகள் எல்லாம் காலி. நிலா கவரில் இருந்த அட்டையில் கடைசி ஆறு மாத்திரை அப்படியே இருந்தது. அம்மாவிடமே கேட்டிருக்கலாம். கூட்டமாக இருந்தது. கூட்டம் இல்லாவிட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். உனக்குத் தெரியாததா.

இதை மடித்து நிலா கவருக்குள் வைக்கிறேன். வீட்டில் மாத்திரையைப் பிரித்துப் பார்ப்பது நீயாகத்தான் இருக்கும்.

தமிழ்செல்வி


ஆர்.கே.பேட்டை
16.6.24

தமிழ்செல்விக்கு,

மாத்திரை கவர்ல லெட்டர் வெச்சி அனுப்புன மொதல் ஆளு நீதான். அம்மா அத டாக்டர் சீட்டுன்னு நெனச்சி சாமி படத்துக்குக் கீழ பத்திரமா வெச்சிருந்தாங்க. மூணு நாள் கழிச்சி நான் பாத்தேன்.

முடிச்சு ஞாபகம் இருக்குதா, சந்தோஷம். முடிச்சு போட்டவ ஞாபகம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் புடிச்சிருக்குது. காலாண்டு லீவு முடிஞ்சி நீ வரல. நாளைக்கு வருவ, நாளைக்கு வருவன்னு மூணாவது பெஞ்சில ஜன்னல் ஓரமா மூணு வாரம் என் பைய வெச்சி எடம் புடிச்சேன். ஒருத்தியையும் உக்கார விடல. எல்லாரும் சிரிச்சாளுங்க. கடைசில உங்க வீட்டு ஓனர்தான் சொன்னாரு, "அதுங்க காலி பண்ணினு திருத்தணிக்குப் போயி மாசமாவுதேம்மா"ன்னு. எனக்கு வீட்டு ஓனர் சொல்லித்தான் தெரியணுமா?

சரி, கேட்டதுக்கு பதில். டாக்டர் மூணு மாசம் வேலைக்குப் போவக்கூடாதுன்னு சொன்னாரு. நைனா இருவது நாள் வீட்ல இருந்தாரு. அதுக்கு மேல முடியல. தறி ஷெட்டுல ஆள் இல்ல, மறுபடியும் நைட் ஷிப்ட்டு போறாரு. சாயந்திரம் ஏழு மணிக்குப் போனா காலைல ஏழு மணிக்கு வருவாரு. நெலா கவர் வீட்ல இருக்குது, நைனா ராத்திரில ஷெட்டுல இருக்காரு. எங்க போடறது? அதான் ஆறு மிச்சம். இப்ப இன்னும் நாலு சேந்திருக்கும்.

சூரியன் போட்டது மட்டும் அம்மா தவறவே உடறதில்ல. ஷெட்டுலருந்து வந்து செருப்ப கழட்டும்போதே கைல குடுத்துடுவாங்க. சாப்பாட்டுக்கு முன்னன்னு சூரியனுக்குப் பக்கத்துல எழுதியிருக்குதுன்னு அம்மாவுக்கு அதுல ஒரு பெருமை. நைனா போட்டுக்கினு படுத்துடுவாரு. நாலு நாளா சாப்புட கூட எழுந்துக்கறதில்ல, மூணு மணி வரைக்கும் ஒரே தூக்கம். எழுந்தா பனியன் நனஞ்சி போயிருக்குது, என்னமோ ஒளர்றாரு. வெயிலுக்குத்தான். எங்க வீட்டு ஷீட்டு கூரை உனக்குத் தெரியும் இல்ல.

எனக்கு ப்ளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ், ஆறே முக்காலுக்கே கெளம்பணும். இதுக்கு மேல எழுத நேரம் இல்ல. மனசும் இல்ல.

அம்சா


திருத்தணி
20 ஜூன் 2024

அம்சா,

உன் கடிதம் இன்று சாயந்திரம் கிடைத்தது. வேறு எதுவும் பிறகு எழுதுகிறேன். இதை முதலில் படி.

சூரியன் போட்ட கவரில் இருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை சர்க்கரைக்கு. அதைப் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாமல் தூங்கினால் ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்துவிடும். வேர்ப்பதும் உளறுவதும் வெயிலுக்கு இல்லை. சுசித்ரா அக்கா மற்றவர்களிடம் சொல்வதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்: நைனா சாப்பிடாமல் அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். அக்கா இன்றைக்கு சாயந்திர ரயிலுக்குப் போய்விட்டார். நாளை காலை வந்ததும் அவரிடம் சொல்கிறேன். இதை இப்போதே போய் தபால் பெட்டியில் போடுகிறேன்.

தமிழ்செல்வி


ஆர்.கே.பேட்டை
25.6.24

தமிழ்செல்வி,

உன் லெட்டர் நேத்து, திங்கக்கெழம வந்துச்சு. வெள்ளிக்கெழமையே நைனாவ ஆட்டோல தூக்கினு போயிட்டோம்.

அன்னிக்குக் காலைல அம்மா பக்கத்து ரூம்ல ராட்டையில நூல் சுத்திகினு இருந்தாங்க. ராட்டை சத்தத்துல போன் அடிச்சதே தெரியல. ரெண்டாவது வாட்டி அடிக்கும்போது வந்து எடுத்தாங்க. உங்க ஆஸ்பத்திரி அக்கா. "உங்க வீட்டுக்காரர இப்பவே எழுப்புங்க"ன்னு சொன்னாங்களாம். "இப்பதானேம்மா படுத்தாரு, பாவம்"னு அம்மா சொல்லியிருக்காங்க. "பரவால்ல, எழுப்புங்க"ன்னாங்களாம். எழுப்பினா எழுந்துக்கல. பாய் நனஞ்சி போயி இருக்குது. கண்ணு தொறக்குது, ஆளு தெரியல, அம்மாவ யாருன்னு கேக்கறாரு. அந்த அக்கா போனை வெக்கவே இல்ல. முழுங்க முடியுதான்னு பாக்கச் சொல்லி, சக்கரத் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா குடுக்க வெச்சி, ஆட்டோ வர்ற வரைக்கும் பேசிகினே இருந்தாங்க. இங்க ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்துனாங்க. சாயந்திரம் தான் என்ன "அம்சா"ன்னு கூப்புட்டாரு. ஒரு மணி நேரம் போயிருந்தா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு.

அந்த அக்காவுக்கு நாங்க எல்லாரும் கையெடுத்துக் கும்புடறோம். நீ சொல்லிடு.

இப்ப உன்னை ஒண்ணு கேக்கறேன். வியாழக்கெழம சாயந்திரம் ஆறே முக்காலுக்கு ஒரு நம்பர்லருந்து போன் வந்துச்சு. நைனா ஷெட்டுக்குக் கெளம்பிகினு இருந்தாரு, அவருதான் எடுத்தாரு. "அலோ, யாரு"ன்னாரு. பேசல. கட் ஆயிடுச்சு. மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் கட். "எவனோ வேலையத்தவன்"னு சொல்லிட்டு செருப்ப மாட்டினு போயிட்டாரு. நான் நேத்து அந்த நம்பர பாத்தேன். எட்டாங் கிளாஸ் நோட்டு கடைசிப் பக்கத்துல உங்கம்மா நம்பர் எழுதி வெச்சிருக்கேன், அழிக்கல. அதே நம்பரு.

எங்க நைனா குரல கேட்டுட்டு கட் பண்ணிட்டு, போயி லெட்டர் எழுதி தபால் பொட்டில போட்டியா?

அம்சா


திருத்தணி
30 ஜூன் 2024

அம்சா,

ஆமாம். நான்தான்.

நான் எழுதுவது சாக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நைனா "அலோ" என்றார். அவருக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது. உங்கள் தெருவில் எல்லா ஷெட்டும் ஒன்றாக ஓடுகிற அந்தச் சத்தம். இங்கே வந்த பிறகு அதை நான் கேட்டதே இல்லை. போனை வைத்துவிட்டேன். இரண்டாவது முறை என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பண்ணினேன். "அலோ" என்றதும் அந்தத் தாளே எனக்குத் தெரியவில்லை. காலையில் அக்கா வந்ததும் சொன்னேன். அவர் பையைக் கூட மாட்டாமல் போனை எடுத்தார். பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். அதுவும் ஒரு உதவியா என்று நீ கேட்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்தில் பொய் எழுதினேன். நைனா இங்கே படுத்திருந்தது எனக்கு முன்பே தெரியும். அவர் வீட்டுக்குப் போகிற அன்று கவர்களைக் கொண்டுபோய் ஆறாம் நம்பர் கட்டிலில் கொடுத்ததே நான்தான். வீட்டுக்குப் போகிறவர்களிடம் கட்டில் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்: என்ன வேலை செய்கிறீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது தூங்குவீர்கள். அதைக் கேட்டுத்தான் கவரில் படம் போட வேண்டும். அக்கா அப்படித்தான் சொல்லியிருக்கிறார். தூரத்திலேயே நைனாவைத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தால் "எங்கடி போன, எங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று கேட்பார் என்று பயம். துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, அம்மா கையில் கவரைக் கொடுத்து, "எல்லாம் எழுதியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்டிருக்கவே வேண்டியதில்லை, அம்சா. அவர் நைட் ஷிப்ட் தறி ஓட்டுகிறவர் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே. அவர் காலையில் தூங்குவார், நாம் சத்தம் போடாமல் உங்கள் வீட்டுப் பின்பக்கம் பாண்டி ஆடுவோம். அதெல்லாம் தெரிந்தும் எல்லாருக்கும் போடுகிற சூரியனையே அவருக்கும் போட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். காலாண்டு லீவில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மலையடிவாரத்தில் பூக்கடையை யாராவது திறக்க வேண்டும். இரண்டு வாரம்தான், உன்னிடம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது முடிந்து இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. நாள் ஆக ஆக வெட்கம் பெரிதாகிக்கொண்டே போனது. நீ பெஞ்சில் பை வைத்திருந்தாய் என்று தெரிந்திருந்தால் இன்னும் வெட்கப்பட்டிருப்பேன்.

ராத்திரி ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் உங்கள் தெரு முழுக்க ஒரே நொடியில் சத்தம் நின்றுவிடும். காதுக்குள் என்னமோ மாதிரி இருக்கும். ஷெட்டிலிருந்து எல்லாரும் பனியனில் பஞ்சு ஒட்டியபடி வெளியே வருவார்கள். நைனா நம்மைப் பார்த்து, "இதுங்க பரீட்சைக்குப் படிக்குதுங்களா, பரீட்சையைத் திங்குதுங்களா" என்பார். நீ வாயில் கமர்கட்டோடு "ரெண்டும்தான் நைனா" என்பாய். அவரை நைனா என்று கூப்பிடச் சொன்னதும் அவர்தான். "அங்கிள் இங்கிள்னு கூப்ட்டா கமர்கட் கெடையாது" என்றார். கரண்ட் வந்ததும் எல்லா ஷெட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும், நாம் எது முதல் என்று பந்தயம் கட்டுவோம்.

நடந்ததை எல்லாம் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். கையில் இருந்த சீட்டைக் கீழே வைத்தார். பிறகு, "இனிமே நீ பெட்டுகிட்ட போக வேணாம். கவர் மட்டும் போடு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

தமிழ்செல்வி


ஆர்.கே.பேட்டை
8.7.24

தமிழு,

உன் லெட்டர படிச்சிட்டு ரெண்டு நாள் கோவமா இருந்தேன். மூணாவது நாள் கரண்ட் போச்சு. நடராஜ் பென்சில கடிச்சினு வெளிய வந்து நின்னேன். யார் ஷெட்டு மொதல்ல ஓடுதுன்னு பாத்தேன். அதே பெருமாள் மாமா ஷெட்டுதான். நீ எப்பவும் அவரு மேலதான் கட்டுவ.

உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா நான் பூ கட்டவே வந்திருப்பேன். எனக்கு முடிச்சு போட வராதா? இதுல வெக்கம் இன்னா வெக்கம்.

கோவத்த விடு. இப்ப வேற ஒண்ணு ஆயிப்போச்சு. நைனா எந்த மாத்திரையும் போட மாட்றாரு. சக்கரைக்கு மட்டும் இல்ல, நெஞ்சுக்குக் குடுத்ததும் சேத்துத்தான். "நெஞ்சு வலி என்ன சாவடிக்கல, இந்த மாத்திர தான் சாவடிக்கப் பாத்துச்சி"ன்றாரு. எல்லா கவரையும் கட்டி பரண் மேல வெச்சிட்டாரு. அம்மா அழுதாங்க. நான் கத்துனேன். அம்மா பயத்துல இருக்காங்க, குடுக்கவும் பயம், குடுக்காம இருக்கவும் பயம். இங்க டாக்டர் சொல்றாரு, ரத்தம் கட்டாம இருக்கறதுக்குக் குடுத்த மாத்திரைய நிறுத்தினா மறுபடியும் அட்டாக் வரும், இந்த வாட்டி தாங்காதுன்னு. அதையும் நைனாகிட்ட சொன்னேன். "உனக்கு எல்லாம் தெரியும், போ, படி"ன்றாரு.

நேத்து கவர கைல எடுத்து அந்தச் சூரியன பாத்துகினே இருந்தாரு. "எவளோ ஒரு பொண்ணு சூரியன போட்டு அனுப்பிச்சிருக்குது. எனக்கு சூரியன் உதிக்கும்போதுதான் பொழுது சாயுதுன்னு அதுக்கு இன்னா தெரியும்"னாரு. அந்தப் பொண்ணு நீதான்னு நான் சொல்லல. சொல்லட்டுமா?

அம்சா


திருத்தணி
12 ஜூலை 2024

அம்சா,

சொல்லாதே. கொஞ்சம் பொறு.

அக்காவிடம் உன் கடிதத்தை அப்படியே காட்டினேன். அவர் டாக்டரிடம் பேசினார். நைனாவின் நாளை வைத்தே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, அதுவும் சாயந்திரம், ஷெட்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்காரும்போது. நெஞ்சுக்கானது காலையில் வந்து சாப்பிட்ட பிறகு, படுப்பதற்கு முன். கொழுப்புக்கானது ராத்திரி ஷெட்டில்.

புதுக் கவர் போட்டு இதோடு அனுப்புகிறேன். சூரியனும் நிலாவும் இல்லை. காலைக் கவரில் தட்டும் பாயும் வரைந்திருக்கிறேன். சாயந்திரக் கவரில் டிபன் கேரியர். ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில் டீ கிளாஸ். ராத்திரி ஷெட்டில் டீ வருமே, இன்னும் வருகிறதா? அந்தக் கவரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல். சின்னதாகத்தான் மடித்திருக்கிறேன்.

பாயை வரையும்போது உங்கள் வீட்டுப் பாயில் இருந்த சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. அதையும் போட்டிருக்கிறேன். அதனாலாவது நைனா ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்.

அக்கா தினமும் அவரிடம் போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நன்றாகப் பேசுவார். என்னால் முடியாது. நீ கேட்பாய் என்று தெரிந்துதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

தமிழ்


ஆர்.கே.பேட்டை
19.7.24

தமிழு,

அக்கா தெனமும் போன் பண்றாங்க. நைனா, "ஆங், ஆங், போட்டாச்சிம்மா"ன்னு மரியாதையா சொல்லிட்டு வெச்சிடறாரு. கவர் பிரிக்கவே இல்ல. இதோட திருப்பி அனுப்பறேன், நீயே பாத்துக்க. முடிச்சு நான்தான் போட்டேன்.

பாய்ல இருக்கற கோட்ட மட்டும் பாத்தாரு. "இது நம்ம பாய் மாதிரி இருக்குது இல்ல?"ன்னு அம்மாவ கேட்டாரு. நான் வாயத் தொறக்கல, நீதான் சொல்லக்கூடாதுன்னுட்டியே.

நேத்து கோயில் படி ஏறும்போது நெஞ்ச புடிச்சினு பாதில உக்காந்துட்டாரு. கேட்டா வாயுன்னாரு. மாத்திர நிறுத்தி ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது. காலைல ஏழு மணிக்கு நான் ஸ்கூல்ல இருக்கேன். அம்மா எதுவும் கேக்க மாட்டாங்க. அவருக்கு இப்ப படிச்சவங்க யாரு பேசினாலும் ஆங்தான். நீ படமா போட்டு அனுப்பற. எங்க நைனா ஒண்ணும் எழுதப் படிக்கத் தெரியாதவரு இல்ல. அவருக்கு வேண்டியது படம் இல்ல.

இதுக்கு மேல நான் எப்படிக் கேக்கறது.

அம்சா


திருத்தணி
24 ஜூலை 2024

அம்சா,

நீ அனுப்பிய கட்டு நேற்று வந்தது. முடிச்சை வெட்டாமல் நகத்தாலேயே அவிழ்த்தேன். அரை மணி நேரம் ஆனது. மூன்று கவரும் நான் மடித்தது மடித்தபடியே இருந்தது. அதையே திருப்பி அனுப்பி என்ன பயன் என்று, ஒரு மாத அட்டைகளை அக்காவிடம் வாங்கி அதே கவர்களில் போட்டு, தறிக்கு நூல் எடுக்க இங்கே வருகிற உங்கள் பெருமாள் மாமாவிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். சாயந்திரம் வீட்டில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அவரிடம் ஒரு வார்த்தை பேசினேன்: "நைனா வீட்டுக்கு" என்று. அவர் என்னை உற்றுப் பார்த்து, "பந்தயப் பொண்ணா நீ" என்றார்.

இன்று காலை நீ ஸ்கூலுக்குப் போன பிறகு நடந்ததை உனக்கு எழுதுகிறேன்.

கிருத்திகைக்கு இன்னும் ஐந்து நாள். அடிவாரத்தில் இப்போதே கூட்டம். அம்மா கடையில் காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் போனை வாங்கிக்கொண்டு பூக்கூடைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மணி ஏழு ஐந்து. தாளில் எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

நைனாதான் எடுத்தார். "அலோ, யாரு?"

பின்னால் அதே தறிச் சத்தம். அவர் மறுபடி, "அலோ, யாருபா அது, ஆஸ்பத்திரி அம்மாவா? போட்டாச்சிம்மா, எல்லாம் போட்டாச்சி" என்றார்.

"போடல, நைனா" என்றேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "யாரு?"

"தமிழு."

"எந்தத் தமிழு? பத்தாங் கிளாஸ்ல காணாமப் போச்சே, அதுவா?"

"ஆங், நைனா."

"எங்கம்மா போயிட்ட. எம் பொண்ணு உனக்காக பெஞ்சில பைய வெச்சினு..." என்று தொடங்கினார். நான் எதற்குப் பயந்து துப்பட்டாவை இழுத்துக்கொண்டேனோ அதையேதான் கேட்டார். கேட்ட பிறகு அது அவ்வளவு பெரிதாக இல்லை. அம்மா ஆபரேஷனைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்வதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கஷ்டமானது வந்தது. "அந்தச் சூரியன் நான்தான் போட்டேன், நைனா. உங்க ஷிப்ட்டு தெரிஞ்சும் கேக்காம போட்டுட்டேன். அன்னைக்கு போன் பண்ணிட்டு கட் பண்ணதும் நான்தான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். "நெலா?" என்று கேட்டார்.

"அதுவும் நான்தான்."

"டிபன் கேரியரு?"

"ஆங்."

"அதுல மூடி சரியா வரல" என்றார்.

பிறகு நான் கேட்டேன். கட்டில் பக்கத்தில் நின்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ஷெட்டில் டீ எத்தனை மணிக்கு வரும். பன்னிரண்டரைக்கு. சாயந்திரம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள். ஆறுக்கு, ஆனால் செவ்வாய்க்கிழமை விரதம், சாயந்திரம் பால் மட்டும்தான். இதை டாக்டரிடம் சொன்னதே இல்லையாம். "யாரும் கேக்கலியே" என்றார். செவ்வாய்க்கிழமை டிபன் கேரியர் கவரைத் தொட வேண்டாம் என்றேன், அக்காவைக் கேட்டுவிட்டு நாளைக்கு மறுபடி சொல்கிறேன் என்றேன். படி ஏறும்போது உட்கார்ந்தது வாயுவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லம்மா" என்றார். இன்றைக்கே போய் அங்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "அம்சாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். தெரியும் நைனா, அவள்தான் எழுதினாள் என்றேன்.

"இப்ப இன்னா செய்யணும்?" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பாய் போட்ட கவர்."

"சரி, சாப்ட்டுட்டு போட்டுக்கறேன். வெச்சிடட்டா?"

"வைக்காதீங்க."

உன் அம்மாவை அவர் கூப்பிடுவது கேட்டது. தட்டு தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. இங்கே என் அம்மா பூ கேட்டு ஒருமுறை கத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, "போட்டாச்சி, தமிழு" என்று சொல்கிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்